பொம்மை போட்டிருந்த கோட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

இலையுதிர்காலம் இன்று காலை ஏழே காலுக்கு லாரியில் வந்து இறங்கியது. மொத்தம் நாற்பத்திரண்டு பெட்டி.

கம்பெனி கொடுத்த இந்த டைரியில் பக்கத்துக்குப் பக்கம் வார எண் அச்சடித்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் கிடையாது. 32-ஆம் வாரம் என்றால் கம்பளிக் கோட்டும், கழுத்து மூடிய ஸ்வெட்டரும், முழங்கால் வரை ஏறும் பூட்ஸும் உலகத்தில் உள்ள எல்லாக் கிளைகளிலும் ஒரே நேரத்தில் தொங்கியாக வேண்டும். லண்டனா, சென்னையா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்று வெளியே 38 டிகிரி. பெட்டி இறக்கியவர் ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பாக்கச் சொல்லவே வேர்க்குது. இத்த யாரு வாங்குவா?" என்றார்.

"வாங்குவாங்க" என்றேன். வாங்க வைப்பதுதானே என் பிழைப்பு. பெண்கள் பிரிவுக்கும் ஷோகேஸுக்கும் நான்தான் பொறுப்பு. நான் பொம்மைக்கு எதை மாட்டுகிறேனோ அதைத்தான் அடுத்த ஒரு மாதத்துக்கு வருகிற பெண்கள் எல்லாம் கேட்பார்கள். திமிரில் எழுதவில்லை, எட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

நாவல்பழ நிறத்தில் ஒரு கோட்டு வந்திருக்கிறது. சின்ன அளவில் இரண்டே இரண்டு. பார்த்ததும் தங்கை சுகந்தி ஞாபகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

ஷோகேஸ் மாற்றினோம். தலைமை அலுவலகத்திலிருந்து படம் அனுப்பியிருந்தார்கள். பொம்மைகளின் காலடியில் பழுப்பும் சிவப்புமாகக் காகித இலைகள் கிடக்க வேண்டும். எண்ணூறு இலைகளை ஒவ்வொன்றாக விசிறிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தரை பளபளவென்று இருக்கிறது. கூட்டிப் பெருக்கும் தனபாக்கியம் அக்கா மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"குப்பன்னு நெனச்சேன் குணா. மரமே இல்லாத எடத்துல எல எப்டி வந்துச்சின்னு ஒரே கொழப்பமா இருந்துச்சி" என்றார். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுபடி எண்ணூறு இலை.

நாவல்பழக் கோட்டை நடுப்பொம்மைக்கு மாட்டினேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுச் சரக்கை எட்டு வாரம் முடிந்த பிறகுதான் கடையில் வேலை செய்கிறவர்கள் வாங்கலாம். பின்னால் ஒளித்து வைத்து அகப்பட்டால் வேலை போய்விடும். ஆனால் பொம்மை போட்டிருப்பதை, ஷோகேஸ் மாற்றும் தேதி வரை யாருக்கும் விற்கக் கூடாது. ஆகவே பிடித்ததைப் பொம்மைக்குப் போட்டுவிட்டால் அது நமக்குத்தான். எல்லாக் கடையிலும் நடக்கிறது. பர்வீன் கவுண்டரிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவளும் போன மாதம் ஒரு கைப்பையை அப்படித்தான் எடுத்தாள்.

எட்டாவது வாரம் செப்டம்பர் 28-இல் முடிகிறது, ஷோகேஸ் மாற்றுவது 30-இல்; 28 ராத்திரி கடை மூடும்போது வாங்கிவிடலாம். சுகந்தியின் ஜெர்மனி விமானம் 29-ஆம் தேதி. கணக்குச் சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்னொரு சின்ன அளவு விற்றுப்போய்விட்டது. பொம்மை போட்டிருப்பது மட்டும்தான் இனி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்றோடு ஆடி முடிந்தது. இன்று பதினைந்து பேராவது "ஆடி ஆஃபர் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு ஆடி என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களுடைய கோடைக்கால மிச்சத்தை ஜூலையில் தள்ளுகிறார்கள், நம் ஜனங்கள் அதை ஆடித் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் திருத்துவதில்லை.

கோட்டு போகிறது. ஊட்டிக்குப் போகும் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவார்கள். மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, பதினாலு நாள் கெடுவில் பதிமூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்க வருவார்கள், கோட்டில் நீலகிரித் தைல வாசனை அடிக்கும். ஐ.டி. பெண்கள் ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் எடுக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் அம்மாவோடு வருவார்கள். பிள்ளை கண்ணாடியைப் பார்க்கும், அம்மா பிள்ளையைப் பார்ப்பாள். அந்த அம்மாக்களுக்கு எதைக் காட்டினாலும் "இது குளிர் தாங்குமா?" என்பதுதான் கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்? நான் குளிரைப் பார்த்த ஒரே இடம் இந்தக் கடையின் ஏ.சி.தான். "தாங்கும்மா" என்று சொல்லி அனுப்புகிறேன்.

சுகந்திக்கு நான்தான் அக்கா, நான்தான் அம்மா. அம்மா போகும்போது அவளுக்குப் பதினொன்று, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கும் முன்பே. இப்போது அவள் நர்ஸ். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றரை வருஷம் அந்த மொழியைப் படிக்க வைத்ததே நான்தான். பெருமையாகத்தான் இருக்கிறது. எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சுகந்தி விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். கூரியரில் திருப்பி அனுப்புவார்களாம். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், அவளுக்கு ஆஸ்பத்திரி, எனக்குக் கடை. அதனால் என்னிடம் கொடுக்கலாம் என்று கடிதம் எழுதிக் கடை முகவரியைக் கொடுத்திருக்கிறாள்.

"விசா கெடைக்கலன்னா என்னக்கா பண்றது?" என்று கேட்டாள்.

"கெடைக்கும் கெடைக்கும். வாய வெச்சிக்கினு சும்மா இரு" என்றேன். ராத்திரிக்கு வெண்டைக்காய் வறுத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

பாஸ்போர்ட் வந்துவிட்டது.

நான் ஷோகேஸுக்குள் இருந்தேன். பொம்மையின் கோட்டு தோளில் சரிந்திருந்தது, வாயில் குண்டூசியோடு சரிசெய்துகொண்டிருந்தேன். கூரியர்காரர் கண்ணாடியைத் தட்டினார். ஆதார் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். கவரைக் கிழித்துப் பார்த்தேன். விசா ஒட்டியிருந்தது. படத்தில் சுகந்தி முறைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சீருடைக்குப் பாக்கெட்டே கிடையாது, திருடிவிடுவோமாம். அந்த நேரம் பார்த்து சுதர்சன் சார் மேலிருந்து கூப்பிட்டார். அவர்தான் எங்கள் மேனேஜர். எங்கே வைப்பது என்று தெரியாமல் பாஸ்போர்ட்டை நாவல்பழக் கோட்டின் உள்பாக்கெட்டில் போட்டுவிட்டு ஓடினேன். தற்காலிகமாகத்தான்.

வீட்டுக்கு வரும்போது எடுத்துவர மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. பையில் போட்டால் நனைந்துவிடும். நாளைக்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

"கூரியர் எதுனா வந்துச்சாக்கா?" என்று சுகந்தி சாப்பிடும்போது கேட்டாள்.

"இன்னும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? எடுத்து வந்து கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான். அத்தோடு வெளியே போகும்போது செக்யூரிட்டி பையைத் துழாவுவார், இது என்ன, எங்கேயிருந்து எடுத்தாய் என்று ஆயிரம் கேள்வி வரும். நல்ல நேரமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடையில் நிற்க இடமில்லை. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் டெய்லர்கள் தைக்க பிளவுஸ் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்களே என்ற பயத்தில் ஊரே புடவைக் கடைகளுக்குப் போகிறது. அங்கே கூட்டம் தாங்காமல் இங்கே ஏ.சி.க்கு வருகிறார்கள். கோட்டுகளைத் தடவிப் பார்க்கிறார்கள், விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள், போகிறார்கள்.

வீட்டில் துணி துவைக்கவில்லை. மாவு புளித்துவிட்டது. இந்த வாரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, நின்றால் நடக்கத் தோன்றுகிறது.

சுகந்தி மறுபடி கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

செப்டம்பர் 17, புதன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். கோவில்பட்டிப் பக்கம். சுங்குடிச் சேலை, கையில் மஞ்சள் பை, அறுபது வயது இருக்கும். மகள் அமெரிக்காவில் முழுகாமல் இருக்கிறாளாம்.

"ஐப்பசில பேறுகாலம் தாயி. எங்கூர்ல கம்பளிச் சட்டை கேட்டா, மார்கழில வாங்கங்கான் கடைக்காரன். மார்கழி வரைக்கும் புள்ளை உள்ளேயே இருக்குமா?" என்றார். பர்வீன் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

ஆறு கோட்டு போட்டுக் காட்டினேன். ஒல்லியான, குட்டையான உடம்பு, எல்லாம் தொளதொளவென்று தொங்கியது. அப்போது அவர் ஷோகேஸைப் பார்த்துவிட்டார். "அந்தப் பொம்மை போட்ருக்குல்லா, அது என் அளவுதான். அதைக் கழட்டிக் கொடு."

"அது விக்கறதுக்கு இல்லம்மா."

"பொம்மைக்கா குளிருது? எனக்குத்தானே குளிரப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே படியேறி உள்ளே போய்விட்டார். பொம்மையின் பொத்தானைக் கழற்றினார். "பை இருக்கான்னு பாக்கேன். மாத்திரை வைக்கணும்லா" என்று வெளிப்பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே துழாவப் போனார். பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "கையை விடு தாயி. நான் என்ன களவாங்கவா வந்தேன்?"

சுதர்சன் சார் வந்தார். கடைசிக் கோட்டுதானே, இந்த ஒரு தடவை கழற்றிக் கொடுத்துவிடு என்றார். நாளைக்குத் தலைமை அலுவலகத்துக்கு ஷோகேஸ் படம் அனுப்ப வேண்டும் என்று பொய் சொன்னேன். எட்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய். அந்த அம்மா கடைசியில் சாம்பல் நிறத்தில் பெரிய கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது.

அப்போதாவது பாஸ்போர்ட்டை எடுத்திருக்கலாம். பொத்தானைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் பொம்மையைத் துடைக்கும்போது தடவிப் பார்த்தேன். இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

யாரும் பார்க்காத டைரி இது, இதிலும் மறைத்து எழுதினால் எப்படி? எனக்கு அதை எடுக்கப் பிடிக்கவில்லை. எழுதியாயிற்று.

ஆனால் கொடுக்கத்தான் போகிறேன். 28 வரை நாள் இருக்கிறது. பாஸ்போர்ட் வந்ததும் அவள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவாள், வீடே மாறிவிடும், அதனால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறேன், அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், வருகிறாள், டி.வி. பார்க்கிறாள். விசாவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. பயமாக இருக்கிறதோ என்னவோ.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அம்மாவுக்குப் படையல் போட்டோம். லீவு கிடைக்கவில்லை, ஒரு மணிநேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்தேன். வாழைக்காய், வடை, பாயசம்.

சூடம் காட்டும்போது சுகந்தி அம்மாவின் படத்தைப் பார்த்து, "போறதா வேணாமான்னு நீயாச்சும் சொல்லும்மா" என்றாள்.

"இன்னாடி புதுசா உளர்ற?" என்றேன்.

"சும்மாதான்" என்று வடையை எடுத்துக் கடித்தாள். காக்காய்க்கு வைப்பதற்கு முன்பே.

செப்டம்பர் 22, திங்கள்

காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன், தலை வலித்தது. நாளைக்கு எனக்கு வார விடுமுறை. புதன்கிழமை கண்டிப்பாக எடுத்து வந்துவிடுகிறேன். அம்மா மேல் ஆணை.

செப்டம்பர் 24, புதன்

நேற்று எழுத முடியவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று சுகந்திக்கும் லீவு. பதினொரு மணி இருக்கும், அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பர்வீன் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். "அக்கா, சூப்பரா இருக்குல்ல?" எங்கள் ஷோகேஸ். இலைகளைக் காணோம். மூன்று பொம்மையும் ஜரிகை வைத்த பாவாடையும் துப்பட்டாவுமாக நிற்கிறது. மேலே விளக்குச் சரம்.

போன் போட்டேன். "கோட்டெல்லாம் எங்கடி?"

"நேத்து சாயங்காலம் மெயில் வந்துச்சுக்கா. சென்னைக் கடைங்க எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே தீபாவளி ஷோகேஸ் வெச்சிடணுமாம். கோட்டு மிச்சம் எல்லாம் டெல்லிக்கு. அங்கதான் குளிர் வருதாம். காலைலயே பேக் பண்ணி மாதவரம் குடோனுக்குப் போயிடுச்சு. குரூப்ல போட்ருந்தாரே சார், பாக்கலியா?"

விடுமுறை நாளில் நான் அந்த குரூப்பைத் திறப்பதில்லை.

"நடுப்பொம்மை போட்ருந்தது?"

"அதுவும்தாங்க்கா. உங்களுதாச்சேன்னு சார்ட்ட கேட்டேன். எட்டு வாரம் முடியலல்ல, குடுக்க முடியாதுன்ட்டாரு."

"பாக்கெட்ட பாத்தியா?"

"வெளிப்பாக்கெட் பாத்தேன், ஒண்ணுமில்ல. ஏங்க்கா?"

உள்பாக்கெட் இருப்பது அவளுக்குத் தெரியாது. டெல்லிக் கிடங்குக்கு ஒரு முறை போய்விட்டால் எந்தக் கடைக்கு எந்தப் பெட்டி போகும் என்று சாமிக்குக்கூடத் தெரியாது. விமானத்துக்கு இன்னும் ஆறு நாள்.

புடவைக்கு மாறக்கூட இல்லை, துப்பட்டாவை எடுத்துச் சுற்றிக்கொண்டு நைட்டியோடு வாசலுக்கு ஓடினேன். "எங்கக்கா?" என்றாள் சுகந்தி. "மாதவரம். கடையில ஒரு கோட்டு போயிடுச்சி" என்றேன். எனக்கே அது முட்டாள்தனமாகக் கேட்டது. அவள் பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "உக்காரு."

வழியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூலக்கடையில் சிக்னல் விழுந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

குடோனில் எங்கள் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கம்பெனி அட்டையைக் காட்டினேன். ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், அதில் ஒரு கோட்டு இருக்கிறது என்றேன்.

"சீல் வெச்ச பெட்டிம்மா. தெறக்க முடியாது. ஒரு கோட்டுக்கா நைட்டியோட ஓடி வந்தீங்க? அதுல அப்டி இன்னா இருக்கு?"

சுகந்தி எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பதின்மூன்று நாளாக மறைத்ததை அவள் முன்னாலேயே எப்படி உடைப்பது? "அது வந்து... அதுல..." என்று திக்கினேன்.

"பாஸ்போர்ட் இருக்கு சார். என்னோட பாஸ்போர்ட்" என்றாள் சுகந்தி.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரிடமே பேசினாள். "திங்கக்கெழம ஃப்ளைட் சார். கொஞ்சம் தயவு பண்ணுங்க."

மேனேஜர் சொன்னால்தான் திறப்பேன் என்றார். சுதர்சன் சாருக்கு நான்தான் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொம்மைக்கு மாட்டி வைத்தது, அந்தக் கோவில்பட்டி அம்மா விஷயத்தில் பொய் சொன்னது, எல்லாம். பிறகு, "நாளைக்கு வந்து விளக்கம் எழுதிக் குடுங்க குணவதி. போனை அவர்ட்ட குடுங்க" என்றார். அவர் என்னை ஒருநாளும் குணவதி என்று கூப்பிட்டதில்லை. குணா என்பார்.

பர்வீன் போனில் பட்டியலைப் பார்த்துப் பெட்டி எண் பதினேழு என்றாள். அது லாரியின் அடியில் இருந்தது. தார்ப்பாயை அவிழ்த்து, இருபது பெட்டியை இறக்கி, பதினேழைப் பிரித்தார்கள். கோட்டுக்கு மேல் கோட்டு, வியர்வை ஊற்றுகிற வெயிலில் கம்பளிக்குள் கையை விட்டுத் துழாவினேன். நாவல்பழம் அடியில் கிடந்தது. உள்பாக்கெட்டில் கை பட்டதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கோட்டை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தார்கள். டெல்லியில் யாரோ ஒருத்தி போட்டுக்கொள்ளட்டும்.

எதிரில் ஒரு டீக்கடை. சுகந்தி இரண்டு டீ சொன்னாள். பாஸ்போர்ட்டைப் பிரித்து விசாவைப் பார்த்தாள். முதல் தடவை பார்க்கிறாள்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"கூரியர் குடுத்த ஒடனே எனக்கு மெசேஜ் வந்துச்சுக்கா. 'குணவதி பெற்றுக்கொண்டார்'ன்னு. பத்தாந்தேதி, பதினொண்ணே முக்கா. ஒரு கோட்டுக்காவ நீ நைட்டியோட ஓடினப்பவே அதுக்குள்ளதான் இருக்குன்னு புரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சிக்கினுதான் பன்னெண்டாந்தேதி கேட்டியா?"

"ஆமா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பதிமூணு நாளு! நான் ஒருத்தி பயந்து பயந்து செத்துக்கினு இருக்கேன், நீ பாட்டுக்கு டி.வி. பாத்துக்கினு இருந்தியா? கேக்கறதுக்கு இன்னாடி உனக்கு? அக்கா, எட்த்துக் குடுன்னு சட்டைய புடிச்சிக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?" டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"கேட்டா குடுத்துருப்ப. அதான் கேக்கல."

"இன்னா சொல்ற?"

அவள் டீயை ஊதினாள். குடிக்கவில்லை. "எனக்கும் பயமா இருக்குக்கா. போய் அந்த ஊர்ல தனியா, ஒரு வார்த்த தப்பாப் பேசினாக்கூட சிரிப்பாங்க. நீ அத ஒளிச்சி வெச்சிட்டன்னு தெரிஞ்சதும் மொதல்ல கோவம் வந்துச்சி. அப்புறம், சரி, அக்கா குடுக்கவே இல்லன்னா நானும் போவாம இருந்துடலாம், பழி உன் மேல போயிடும், எனக்குப் பயம்னு யாருக்கும் தெரியாதுன்னு தோணுச்சி. அதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷமாக ஒரே அறையில் படுக்கிறோம். அவள் எதை நினைத்துச் சிரிக்கிறாள், எதை நினைத்து அழுகிறாள் என்று எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் மனசில் இருந்ததை ஒரு பொம்மையின் பாக்கெட்டில் போட்டுவிட்டு அது முடிவு செய்யட்டும் என்று காத்திருந்திருக்கிறோம்.

"இப்ப சொல்லு" என்றாள். "போவட்டுமா வேணாமா?"

போகாதே என்றுதான் வாயில் வந்தது. அதையே சொன்னேன். "போவாதன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு. நீ போறது எனக்குப் புடிக்கல. கொஞ்சங்கூடப் புடிக்கல. காலைல எழுந்து யாருக்கு டிஃபன் கட்றது, யாரத் திட்றது? ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சது எல்லாம் பொய்."

"தெரியும்" என்றாள். "இத வாயத் தெறந்து சொல்ல உனக்கு இத்தன நாளா?"

"ஆனா போ" என்றேன். "பயமா இருந்தா பயத்தோடயே போ. இங்கயே இருந்துட்டு அப்புறம் என்னயப் பாத்து மொறைக்காத. பெட்டி கட்டு."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். இரண்டு பேரும் அழுதோம், நடுரோட்டில், நான் நைட்டியோடு. வரும் வழியில் பெட்டிக்குப் பூட்டு வாங்கினோம்.

செப்டம்பர் 25, வியாழன்

நேற்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்று ஷோகேஸ் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் டிரையல் ரூம் வாசலில் எத்தனை துணி உள்ளே போகிறது என்று எண்ணி வில்லை கொடுக்கும் வேலை. வேலை போகவில்லையே, அதுவே பெரிது. பர்வீன் அழுதாள். தனபாக்கியம் அக்கா ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

அந்தக் கோவில்பட்டி அம்மாவின் எண்ணை பில்லில் தேடி எடுத்துப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அட, அதை விடு தாயி. கையை மடிச்சுத் தச்சாச்சு" என்றார்.

செப்டம்பர் 27, சனி

பெட்டி இருபத்து மூன்று கிலோ தாண்டிவிட்டது. ஊறுகாய் பாட்டிலை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை, இரண்டு சுடிதாரை எடுத்தேன். சண்டை.

செப்டம்பர் 29, திங்கள்

காலை எட்டரைக்கு ஏர்போர்ட். வாசலில் வரிசை. எல்லார் பக்கத்திலும் ஒரு அக்காவோ அம்மாவோ நின்றார்கள். பலர் கையில் கோட்டு மடித்து வைத்திருந்தார்கள், சிலது எங்கள் கடையில் வாங்கியது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சுகந்தியிடம் கோட்டு இல்லை. கூட வேலை செய்த நர்ஸ் ஒருத்தி ஏற்கெனவே அங்கே இருக்கிறாளாம், இறங்கும்போது பழையது ஒன்று கொண்டுவருவாள்.

அந்த வாசலுக்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. துப்பாக்கி மாட்டிய காவலர் கையை நீட்டினார். "டிக்கெட், பாஸ்போர்ட்."

சுகந்தி டிக்கெட்டைக் கொடுத்தாள். பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். அவரிடம் நீட்டவில்லை. என் கையில் வைத்தாள்.

"நீ குடுக்கா" என்றாள்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காவலர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் கொடுத்தேன்.

ஒரு மணி ஷிஃப்டுக்கு நேரே கடைக்கு வந்துவிட்டேன்.